வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு

செல்லக் கண்ணு,

அந்த வரதன் நான்தான்.

போன வாரக் கடிதத்தில் நீ கேட்டிருந்தாய். "அப்பா, ஒத்திகைக்காக நாற்பது பேரிடம், ஆள் எடுக்கிற அந்தக் கேள்விப் பாரத்தைக் கொடுத்து வாங்கினோம். அதில் திருவண்ணாமலையிலிருந்து வந்த ஆர். வரதன், வயது முப்பத்தைந்து, என்கிற ஆள்தான் நேர்மைப் பகுதியில் கடைசி. இவரை ஸ்டோர் ரூம் பக்கமே விடக்கூடாது என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. உங்களுக்குத் தெரிந்தவரா?" தெரிந்தவர்தான். ஐம்பத்து மூன்று வருஷமாகத் தெரியும். தினமும் காலையில் கண்ணாடியில் பார்த்துச் சவரம் செய்துவிடுகிறேன். "தமிழ் புரிகிறதா என்று பார்த்துவிட்டு, யாரிடமாவது கொடுத்துப் பூர்த்தி பண்ணி அனுப்புங்கள்" என்று நீ எழுதியிருந்ததில் அந்த யாராவது நானாக இருக்கக்கூடாது என்று விதி ஒன்றும் போடவில்லையே. மத்தியானம் லாட்ஜில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம். நம் பெண் கம்பெனியில் நாம் வேலைக்குத் தேறுவோமா என்று ஒரு சபலம். வயதைக் கொஞ்சம் கம்மியாகப் போட்டேன். பெயரை மாற்றினேன். நேர்மையைச் சோதிக்கும் பாரத்தில் முதல் இரண்டு வரியிலேயே இரண்டு பொய். மீதியை நீயே ஊகித்துக்கொள்ளலாம்.

'நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை' என்று ஒரு வாக்கியம். ஐந்தாம் நம்பர் வட்டத்தைக் கறுப்பாக்கினேன், அதாவது 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்'. 'நான் யார்மீதும் கோபப்பட்டதில்லை.' ஐந்து. 'மற்றவர்களைப் பற்றி அவர்கள் இல்லாத இடத்தில் பேசியதில்லை.' அதற்கும் ஐந்து. அந்த வட்டத்தைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தபோது எதிர் லாட்ஜ்காரர் இந்த வயதில் தலைக்குச் சாயம் பூச ஆரம்பித்திருப்பதைப் பற்றி உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம். 'வேலை செய்த இடத்திலிருந்து அனுமதியில்லாமல் எதையும் எடுத்ததில்லை.' ஐந்து. முன்பு வேலை பார்த்த லாரி புக்கிங் ஆபீஸிலிருந்து நான் கொண்டுவந்த கார்பன் காகிதத்தில்தான் நீ அஞ்சாம் வகுப்பு வரை படம் வரைந்தாய். முதல் ராங்க் வரும் என்று நினைத்து அனுப்பினேன். யாரோ ஒருவரைப் பற்றிப் போல நான் விசாரித்தபோது, நீ போனில் சிரித்துக்கொண்டே விளக்கினாய். அந்த மாதிரி வாக்கியங்கள் வேண்டுமென்றே வைத்தவையாம். உலகத்தில் யாரும் அப்படி இருக்க முடியாதாம். எல்லாவற்றுக்கும் ஐந்து போடுகிறவன் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தமாம். எலிப்பொறிக்குள் நானாகவே போய், கதவையும் நானே சாத்திக்கொண்டிருக்கிறேன்.

அந்த வெட்கத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை நீ நிஜமான விஷயத்தைக் கேட்டபோது சரியாகப் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். ஸ்டோர் சூப்பர்வைசர் வேலைக்கு வந்த அந்த ஆளைப் பற்றிக் கேட்டாய். மற்ற எல்லாரும் 'எடுத்ததில்லை' என்று போட்ட இடத்தில் அவர் 'எடுத்திருக்கிறேன்' என்று போட்டுவிட்டு, பக்கத்தில் பேனாவால் 'ஆமாம், ஒரு முறை' என்றும் எழுதியிருக்கிறார். ஸ்டோர் வேலைக்கு அந்தக் கேள்வி மட்டும் பொறி இல்லையாம்; உங்கள் சட்டப்படி அந்த ஒரு வட்டமே போதும், ஆளைக் கழித்துவிடலாம். வேலை போய் எட்டு மாதமாக அலைகிறவர், இரண்டு பிள்ளைகள் என்றாய். வெள்ளிக்கிழமைக்குள் நீ கையெழுத்துப் போட வேண்டும். "மனசு ஒண்ணு சொல்லுது, பாரம் ஒண்ணு சொல்லுதுப்பா" என்றாய். நான் "கம்ப்யூட்டர் சொல்றதக் கேளு, கஸ்டமர் வந்துட்டாங்க" என்றேன். கஸ்டமர் யாரும் வரவில்லை. அதுவும் ஒரு பொய். வரதன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்.

ஆள் எடுப்பதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று நீ கேட்கலாம். உங்கள் கம்பெனிக்குப் பாரம் வருவதற்குப் பதினைந்து வருஷத்துக்கு முன்பே என்னிடம் ஒரு பாரம் இருந்தது. அதற்குக் காகிதம் தேவையில்லை, வாசல் போதும். லாட்ஜ் ஆரம்பிப்பதற்கு முன்னால் எட்டு வருஷம் நான் உட்கார்ந்திருந்த லாரி புக்கிங் ஆபீஸுக்கு நேர் எதிரில் கோயில் செருப்பு ஸ்டாண்டு. எழுதுவதற்குப் பில் கொஞ்சம், பார்ப்பதற்குச் செருப்பு ஜாஸ்தி. ஜோடி பிரியாமல், முனை வாசலைப் பார்க்க, பக்குவமாகக் கழற்றி வைக்கிறவனைப் பார்ப்பேன். நடந்துகொண்டே உதறிவிட்டு, ஒன்று வேலூரைப் பார்க்க, ஒன்று செங்கத்தைப் பார்க்க விட்டுவிட்டு ஓடுகிறவனையும் பார்ப்பேன். முன்னவன் ஒழுங்கானவன், நேரத்துக்கு வருவான், கை சுத்தம். பின்னவன் உதவாக்கரை. இப்படி ஒரு சாஸ்திரத்தை நானே எழுதி, நானே படித்து, நானே பட்டமும் வாங்கிக்கொண்டேன். உன் கல்யாணத்துக்கு வரன் பார்த்தபோதுகூட நான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கயிறு கட்டிய ஷூவில் வந்துவிட்டார். அதை அவிழ்க்கவே பத்து நிமிஷம் குனிந்திருந்தார். என் சாஸ்திரத்தில் ஷூவுக்கு அத்தியாயம் இல்லை. உன் அம்மா "பையன் நல்லாத்தான் இருக்கான், எழுந்து வாங்க" என்று சொன்னதால் கல்யாணம் நடந்தது.

நம் ஊர் மாவட்டத் தலைநகரம் ஆன வருஷம் ஞாபகம் இருக்கிறதா? உனக்குப் பத்து வயது. ஆபீஸர்கள் வருவார்கள், கேஸ் கட்டோடு ஜனங்கள் வருவார்கள், தங்க இடம் வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் பதினாலு அறையோடு லாட்ஜைத் திறந்தேன். பின்னால் வீடு, முன்னால் லாட்ஜ், நடுவில் கிணறு. முதலாளி ஆகிவிட்ட மிதப்பில் புதுச் சட்டை, புது மூக்குக்கண்ணாடி, புதுச் செருப்பு என்று உன் அம்மாவைக் கடை கடையாக இழுத்து வாங்கினேன். நல்ல நாளாக இருக்கட்டும் என்று பௌர்ணமியன்று காலையில் ஆள் எடுக்க உட்கார்ந்தேன். ஆபீஸ் அறையில் சாமி படம் இருந்ததால் யாராக இருந்தாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். என் சாஸ்திரத்துக்குத் தோதான ஏற்பாடு.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் சம்பத், போளூர்ப் பக்கத்துப் பையன். நெற்றி நிறைய விபூதி, வேர்வையில் லேசாகக் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாக்கியத்துக்கு மூன்று 'சார்'. இன்னொருவர் காதர் பாய். நாலு தலைமுறையாக இந்த ஊரிலேயே இருக்கிற குடும்பம், மோட்டார் வேலை தெரிந்தவர், என் வயதுதான். முகம் எப்போதும் யாரிடமோ சண்டை போட்டுவிட்டு வந்தது போல இருக்கும். இரண்டு பேரையும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து வாசலை எட்டிப் பார்த்தேன். வாசலில் இரண்டு ஜோடி. ஒன்று பளபளவென்று, முனை சுவரை ஒட்டி, அளந்து வைத்த மாதிரி. இன்னொன்று தேய்ந்து, ஒற்றை குப்புறக் கிடந்தது. குப்புறக் கிடந்ததில் கிரீஸ் கறை. ஆக அது பாயுடையது. உள்ளே இரண்டு பேர், வெளியே இரண்டு ஜோடி, கணக்குச் சரியாக இருந்தது. மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஒப்புக்கு ஒரு கேள்வி கேட்டேன். "எனக்கு நேர்மைதான் முக்கியம். நீங்க எப்படி?"

சம்பத் எழுந்து நின்றுவிட்டான். "நேர்மைதான் சார் எனக்கு மூச்சே, சார். எங்கப்பா சொல்லித்தான் சார் வளர்த்தாரு."

"பாய், நீங்க?"

"அத நான் எப்படிங்க சொல்றது?" என்றார் அவர். "கூட இருந்து பாத்து நீங்கதான் சொல்லணும். மோட்டார் எத்தினி எச்.பி.?"

சம்பத்தை முன்னால் ரிசப்ஷனில் உட்கார வைத்தேன். பாயை எடுக்க எனக்கு இஷ்டமே இல்லை. ஆனால் மோட்டார் தெரிந்த வேறு ஆள் வரவில்லை. தண்ணீர், மோட்டார், அறைகள் எல்லாம் அவர் பொறுப்பு. அதற்குப் பிறகு மூன்று வருஷம் அந்த இரண்டு பேர் செருப்பையும் நான் எட்டிப் பார்க்கவில்லை. கல்யாணம் ஆன பிறகு ஜாதகத்தை யார் எடுத்துப் பார்க்கிறார்கள்?

மூன்று வருஷம் என் சாஸ்திரம் பலித்துக்கொண்டே இருந்தது. சம்பத் ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. வருகிறவர்களை அண்ணே, அம்மா, ஐயா என்று குளிர வைத்துவிடுவான். சுடுதண்ணி வருமா என்று கேட்டால் "அருமையா வரும் சார்" என்பான். காதர் பாயோ அறையைத் திறந்து காட்டும்போதே "ஏழாம் நம்பர் எடுக்காதீங்க, மூட்டப்பூச்சி கீது" என்பார். வந்தவர்கள் எதிர் லாட்ஜுக்குப் போய்விடுவார்கள். எதிர் லாட்ஜ்காரருக்கு அந்த நாளிலேயே பாய்மேல் தனிப் பிரியம். நான் கூப்பிட்டுக் கத்துவேன். "மூட்டப்பூச்சி இருந்துச்சே மொதலாளி" என்பார். "இருந்தா? அத நீதான் தம்பட்டம் அடிக்கணுமா?" "வேற யாரு அடிப்பா? அது தானா வந்து சொல்லுமா?" உன் கம்பெனி பாரத்தை அன்றைக்கு இரண்டு பேரிடமும் கொடுத்திருந்தால், பிறரோடு இணங்கிப் போவது, பொறுமை, நேரம் தவறாமை என்று எல்லாப் பகுதியிலும் சம்பத்துக்குத்தான் முதல் மார்க். பாரத்தைக் குறை சொல்ல மாட்டேன். அது சொல்லியிருக்கக்கூடியது அத்தனையும் உண்மை.

நீ எட்டாம் வகுப்பில் இருந்தாய். கார்த்திகை தீபத்துக்கு நாலு நாள் முன்னால், ஐப்பசியிலிருந்தே விடாத மழை. பதினாலு அறைக்கும் இரண்டு மாதம் முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். காலையில் பாய் ஒரு டம்ளரில் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"மோந்து பாருங்க மொதலாளி."

மோந்து பார்த்தேன். லேசாக ஏதோ இருந்தது. "ஒண்ணும் தெரியலயே" என்றேன்.

"பக்கத்து வீட்டு சாக்கட கெணத்துல எறங்குது. மொத்தமா எறைச்சி, மருந்து போடணும். ரெண்டு நாள் ரூம் வுடாதீங்க."

"தீபத்துக்கு ரூம் விடாதேன்னு சொல்றியா? எந்த ஊர்லருந்து வர்றே நீ? தீபம் முடிஞ்சு பாத்துக்கலாம், போ."

அவர் டம்ளரை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். போனவர் சும்மா இருக்கவில்லை. ஜனம் வரவர, ஒவ்வொரு அறைக் கதவையும் தட்டி, "கெணத்துத் தண்ணி குடிக்காதீங்க, குளிக்க மட்டும் வச்சுக்கோங்க, தெருக் கொழாயில புடிச்சி காய்ச்சிக் குடிங்க" என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். சம்பத்தைக் கேட்டால் "சாமி ஊர் தண்ணி சார், தேன் மாதிரி இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்தது, தீபத்துக்கு முதல் நாள் மூன்றாம் நம்பர் அறைக்காரர்கள் பெட்டியோடு இறங்கி வந்தபோதுதான். "உங்க ஆளே தண்ணி கெட்டுப் போச்சுன்றாரு, இவரு தேன்றாரு, யாரு சொல்றத நம்பறது?" என்று கேட்டார்கள். ரிசப்ஷனில் பத்து இருபது பேர் நின்றிருந்தார்கள். எனக்கு ஏறிய கோபத்தில் அங்கேயே, அத்தனை பேர் முன்னாலேயே பாயைக் கூப்பிட்டேன்.

"யார்கிட்ட சம்பளம் வாங்கறே நீ?"

"உங்ககிட்டதாங்க."

"அப்ப யாருக்கு வேலை செய்றே?"

அவர் கூட்டத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ரூம்ல சின்னக் கொழந்தைங்க கீதுங்க மொதலாளி" என்றார்.

"வெளிய போ. இனிமே இந்த வாசல் ஏறாதே."

வாசலில் யாத்ரீகர்களின் செருப்பு மலை மாதிரி குவிந்து கிடந்தது. அதில் குனிந்து தன் ஜோடியைத் தேடிக்கொண்டிருந்தார். ஒன்று சீக்கிரம் கிடைத்துவிட்டது, இன்னொன்று கிடைக்க நேரமானது. அந்த நேரம் முழுக்க நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 'பார், செருப்பை எப்படி விட்டிருக்கிறான்' என்று அப்போதும் மனசுக்குள் ஒரு திருப்தி.

கிணற்றுத் தண்ணீரில் ஒன்றும் இல்லை என்று நிரூபிப்பதற்காக அன்று அத்தனை பேர் முன்னால் ஒரு சொம்பு வாங்கிக் குடித்தேன். மறுநாள் சாயங்காலம் மலை உச்சியில் தீபம் ஏற்றினபோது ஊரே மொட்டை மாடியில் நின்று அரோகரா சொன்னது. அந்தச் சத்தத்தை நான் கேட்டது கக்கூஸுக்குள் இருந்து. இருந்த நிலையில் கையெடுத்துக் கும்பிட்டேன். அண்ணாமலையார் மன்னிப்பார் என்று நம்புகிறேன். உன்னிடம் "தேரடியில பஜ்ஜி சாப்பிட்டது ஒத்துக்கல" என்று சொன்னோம், நீ இதுநாள்வரை நம்பிக்கொண்டிருக்கிறாய். அந்தக் கடைப் பக்கம் போகும்போதெல்லாம் நீ முறைத்துப் பார்ப்பாய். பாவம், அந்த மனுஷன் ஒரு பாவமும் அறியாதவர்.

என்னோடு போயிருந்தால் இது சிரிக்கிற கதை. ஒன்பதாம் நம்பர் அறையில் நாலு வயதுக் குழந்தை ஒன்று இருந்தது. அவர்கள் வந்து சேர்வதற்குள் நான் பாயை அனுப்பிவிட்டேன், அவர்கள் கதவைத் தட்டிச் சொல்ல ஆள் இல்லை. அந்தக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிற்காமல் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நான் இரண்டாம் நாள் எழுந்து நடக்க முடிந்ததும் போய்ப் பார்த்தேன். கை இவ்வளவுதான் இருந்தது. அதில் ஊசியைக் குத்திக் கட்டைக்குச்சி வைத்துக் கட்டியிருந்தார்கள். குழந்தையின் அப்பா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெளிச் சாப்பாடு ஒத்துக்கலன்னு உங்க மேனேஜர் சொன்னாரு. எங்க தப்புதாங்க. உடம்பு முடியாத நேரத்துலயும் நீங்க வந்து பாக்கறீங்களே, பெரிய மனசுங்க உங்களுக்கு" என்றார். நான் தலையாட்டினேன், கண்ணு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையாட்டிவிட்டு, ஆரஞ்சுப் பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்தேன். குழந்தை பிழைத்துக்கொண்டது, சிரித்துக்கொண்டே ஊருக்குப் போனது. அந்த நன்றியை மட்டும் நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. யாரிடம் கொடுப்பது என்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், "நீங்க ரெண்டு பேரும் அதே கெணறுதானே, உங்களுக்கு எப்படி ஒண்ணும் ஆகல?" என்று கேட்டேன். "பாய் சொன்ன அன்னிலருந்து தெருக் கொழாய்லதான் புடிக்கிறேன். பாப்பாவுக்கும் அதான்" என்றாள். "என்கிட்ட சொல்லலியே?" என்றேன். "உங்ககிட்ட அவரே சொன்னாரே" என்றாள்.

கிணற்றை இறைத்து மருந்து போட்டபின், செங்கம் ரோட்டில் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டுகிற காயில் கடையில் பாயைப் போய்ப் பார்த்தேன். கையில் செம்புக் கம்பியோடு நிமிர்ந்தார்.

"வாங்க மொதலாளி. இன்னா இப்படி எளைச்சிட்டீங்க?"

"நடந்தத மனசுல வச்சுக்காத பாய். வந்துடு."

"கோவம்லாம் இல்லீங்க. ஆனா வாணாம்."

"ஏன்?"

"நாளைக்கு வேற ஒண்ணு வரும். அப்பவும் நான் வாய மூட மாட்டேன். நீங்களும் மொதலாளியா இல்லாம இருக்க மாட்டீங்க. எதுக்கு ரெண்டு பேருக்கும் கஷ்டம்? மோட்டார் ரிப்பேர்னா ஆள் அனுப்புங்க, வந்து பாத்துத் தர்றேன்." கம்பியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். பிறகு குனிந்தபடியே, "உங்களுக்கு சம்பத்து தம்பிதாங்க ஒத்து வரும்" என்றார். அதில் குத்தல் இல்லை. அளவெடுத்துச் சட்டை தைக்கிறவர் சொல்வது போலச் சொன்னார்.

இப்போதும் மோட்டார் மக்கர் பண்ணினால் அவர்தான் வருகிறார். வந்து என்னைத் திட்டிவிட்டுத்தான் மோட்டாரைத் தொடுவார். வேலைக்கு மட்டும் திரும்பி வரவில்லை.

சம்பத்தைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதே. பதினோரு வருஷம் என்னிடம் இருந்தான், ஒரு தலையணை உறைகூடக் குறையவில்லை. இப்போது போளூரில் சொந்தமாக வண்டி ஓட்டுகிறான், பொங்கலுக்குப் பொங்கல் பழத்தட்டோடு வருவான். 'வெளிச் சாப்பாடு' என்று அவன் சொன்னது எனக்காக. நான் சொல்லச் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். முகம் பார்த்துப் பேசத் தெரிந்தவன் என்றுதானே அங்கே உட்கார வைத்தேன்? நேர்மையான ஆள் வேண்டும், நேர்மையான ஆள் வேண்டும் என்று நான் கேட்டதெல்லாம் எனக்கு நேர்மையாக இருக்கிற ஆள். ஒன்பதாம் நம்பர் அறைக் குழந்தைக்கு நேர்மையாக இருக்கிற ஆள் ஒருவர் தவறிப்போய் வந்து சேர்ந்தார். அவரை வாசல் ஏறாதே என்றேன்.

இதிலிருந்து நான் திருந்திவிட்டேன் என்று முடித்தால் கதை அழகாக இருக்கும். நடந்தது வேறு. சாஸ்திரத்தை விடவில்லை, தலைகீழாகத் திருப்பிப் போட்டேன். இனிமேல் செருப்பைக் கோணலாக விடுகிறவன், எடுத்தெறிந்து பேசுகிறவன், இவன்தான் யோக்கியன் என்று முடிவு கட்டிக்கொண்டு, பாய் இருந்த இடத்துக்கு வரிசையாக மூன்று முரடர்களைச் சேர்த்தேன். முதல் ஆள் வந்தவர்களையெல்லாம் திட்டினான், சரி, உண்மை விளம்பி என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவன் எல்லாரையும் திட்டினது தூக்கத்தைக் கெடுத்ததற்காக. இரண்டாமவன் போகும்போது எட்டுப் போர்வையும் கூடவே போயின. மூன்றாமவன் உன் சேகர் மாமாவின் சிபாரிசு, அவனைப் பற்றி எழுதினால் உன் அம்மா கடிதத்தைத் தபாலில் சேர்க்க மாட்டாள். முரட்டுத்தனம் வேறு, உண்மை வேறு என்று புரிய எனக்கு இத்தனை போர்வை செலவானது.

அதனால் கண்ணு, பாரத்தைத் தூக்கிப் போடு என்று சொல்ல வரவில்லை. ஒருவன் நேரத்துக்கு வருவானா, கூட இருப்பவர்களோடு ஒத்துப் போவானா என்றெல்லாம் அது சொல்லட்டும். ஆனால் அந்த நூற்றிருபது கேள்வியில் ஒன்றுகூட உங்கள் கம்பெனியைப் பற்றி இல்லையே, கவனித்தாயா? வந்து 'சரக்கு கெட்டுப் போச்சு, அனுப்பாதீங்க' என்று அந்த சூப்பர்வைசர் சொன்னால், அன்றைக்குத் தீபமாக இருந்தால், நீங்கள் என்ன செய்வீர்கள்? அதற்கு யார் வட்டம் போடுவது? ஒருவனுடைய குணம் பாதி அவனிடம் இருக்கிறது என்றால், மீதிப் பாதி அவன் யாரிடம் வேலைக்குப் போகிறான் என்பதில் இருக்கிறது. என்னிடம் இருந்ததால் சம்பத் பொய் சொன்னான். வேறு ஒருவரிடம் இருந்திருந்தால் அவனும் கதவு கதவாகத் தட்டியிருப்பானோ என்னவோ.

'ஆமாம், ஒரு முறை' என்று எழுதியவரை நாளைக்கே கூப்பிடு. ஆபீஸ் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்காதே. ஒரு காபி வாங்கிக் கொடுத்து, அந்த ஒரு முறை என்ன என்று கேள். அது கார்பன் காகிதமாக இருக்கலாம், எட்டுப் போர்வையாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, உன் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. கேட்டுவிட்டு உனக்குச் சரி என்று பட்டால் சேர்த்துக்கொள், இல்லை என்று பட்டால் அனுப்பிவிடு. ஆனால் உன் வாயால் நேரில் சொல்லி அனுப்பு. வேலை தேடி வந்தவன், உண்மையை எழுதினால் வேலை கிடைக்காது என்று தெரிந்தும், பேனாவை எடுத்து ஒரு வார்த்தை கூடுதலாக எழுதியிருக்கிறான். அதே கேள்விக்கு, இழப்பதற்கு ஒன்றுமே இல்லாத வரதன் ஐந்தாம் வட்டத்தைக் கறுப்பாக்கினான். இரண்டில் ஒரு ஆளைத்தான் உன் ஸ்டோர் ரூமில் விடலாம் என்றால், உன் அப்பனை விடாதே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணு. என்ன முடிவெடுத்தாலும் இந்த முறை கஸ்டமர் வந்துவிட்டார்கள் என்று வைத்துவிட மாட்டேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லு.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும், தேர்வில் தேறாத,
அப்பா

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் உன் அம்மாவுக்கு முழுக் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். தலையணை உறை மடித்துக்கொண்டே கேட்டாள். குழந்தை இருந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கக்கூஸ் இடத்தில் சிரித்தாள். எல்லாம் கேட்டுவிட்டு, "அது இன்னா, சம்பத்து செருப்பு பளபளன்னு நேரா இருந்துச்சுன்னு எழுதி இருக்கீங்க?" என்றாள். "இருந்துச்சே, நான் எட்டிப் பாத்தேனே" என்றேன். "அன்னிக்குப் பௌர்ணமிங்க. அந்தப் புள்ள மலை சுத்திட்டு நேரா இங்க வந்துச்சு. கால்ல செருப்பே கெடையாது, நான்தான் கால் கழுவ சொம்புல தண்ணி குடுத்தேன்" என்றாள். "அப்ப நேரா இருந்தது யாருது?" என்று கேட்டேன். "உங்க புதுச் செருப்பு. நீங்க ஒதறிட்டு உள்ள போனத, வாசல் பெருக்கும்போது நான்தான் எடுத்து நேரா வச்சேன்."